மருந்துச் சீட்டில் உணவு: மிசிசிப்பியிலிருந்து ஒரு பாடம்

கிராமப்புற மருத்துவ வசதி என்று பேச்சு வந்தாலே நமக்குக் கணக்குதான் காட்டுகிறார்கள். இத்தனை நிலையங்கள், இத்தனை படுக்கைகள், இத்தனை ஆம்புலன்சுகள். அந்தக் கட்டடம் யாருடைய தெருவில் நிற்கிறது, அதைப் பற்றி முடிவெடுக்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், உள்ளே போகிறவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை. இந்தக் கேள்விகளை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நேருக்கு நேர் சந்தித்த ஓர் ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்கள் என்ற முறையில் அந்த வரலாறு நமக்கும் சொந்தமானது.

மிசிசிப்பி மாநிலத்தின் பொலிவர் கவுண்டியில் மவுண்ட் பையூ என்ற சிற்றூர் உள்ளது. அடிமை முறையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1887இல் தாங்களே உருவாக்கிய ஊர் அது. ஊரைச் சுற்றியிருந்த பருத்திக் காடுகளோ வெள்ளை முதலாளிகளுடையவை. அங்கே தலைமுறை தலைமுறையாக வாரத்துக்குப் பயிரிட்டவர்கள் கறுப்பின மக்கள். நோய் வந்தால் வெள்ளையர் மருத்துவமனையின் பக்கவாசல் வழியாகப் போய், அடித்தளத்தில் ஒதுக்கிய படுக்கையில் கிடக்க வேண்டும். அதுவும் கிடைத்தால்தான்.

இந்த நிலைக்கு முதல் பதிலைத் தந்தது அரசு அல்ல, அந்த மக்களே. டேபர் சங்கம் என்ற கறுப்பினப் பரஸ்பர உதவி அமைப்பு, உறுப்பினர்களிடம் சிறுகச் சிறுகச் சந்தா சேர்த்து 1942இல் டபோரியன் மருத்துவமனையைத் திறந்தது. தலைமை அறுவை மருத்துவராக இருந்தவர் டி.ஆர்.எம். ஹோவர்ட். 1955இல் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் கொல்லப்பட்ட வழக்கில், அவனுடைய தாய்க்கும் சாட்சிகளுக்கும் தன் வீட்டில் பாதுகாப்புக் கொடுத்தவரும் இவரே. அந்த மருத்துவமனையில் கறுப்பினத் தொழிலாளி முன்வாசல் வழியாக நுழைந்தார். பின்வாசலிலேயே நிறுத்தப்பட்டுப் பழகிய நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1960களில் பருத்தி பறிக்க இயந்திரமும் களையை அழிக்க மருந்தும் வந்தன. கூலிகள் தேவையற்றவர்கள் ஆனார்கள். வேலை போனது, வேலையோடு குடிசையும் போனது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனவர்களைத் தண்டிக்க உணவையே ஆயுதமாக்கினார்கள். பக்கத்து லெஃப்ளோர் கவுண்டியில் 1962-63 குளிர்காலத்தில் அரசின் இலவச உணவு வழங்கல் நிறுத்தப்பட்டது. மருத்துவமனையும் ஒடுக்குமுறையின் கருவியானது. சன்ஃபிளவர் கவுண்டியின் ஃபேனி லூ ஹேமருக்கு, 1961இல் கட்டியை அகற்றப் போன இடத்தில், அவருடைய அனுமதி இல்லாமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள். வாக்குரிமைப் போராட்டத்தின் குரலாக எழுந்த ஹேமர் 1977இல் மவுண்ட் பையூ மருத்துவமனையில்தான் இறந்தார்.

1964 கோடையில் வாக்குரிமைப் போராளிகளுக்கு மருத்துவ உதவி செய்ய வந்தவர்களில் ஒருவர் ஜாக் கைகர். மாணவராக இருந்தபோது தென்னாப்பிரிக்காவின் ஃபொலேலாவில், சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதி நடத்திய மக்கள் சுகாதார மையத்தில் பயிற்சி பெற்றவர். அதுபோன்ற ஒன்று மிசிசிப்பியிலும் வேண்டும் என்றார். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் வழியாக மத்திய அரசின் வறுமை ஒழிப்பு நிதி வந்தது. மாநில ஆளுநர் அத்தகைய நிதியைத் தடுக்க முடியும், ஆனால் உயர்கல்வி நிறுவனத்துக்கு வரும் நிதியைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்தச் சந்து வழியாகவே டெல்டா சுகாதார மையம் 1967இல் மவுண்ட் பையூவில் தொடங்கியது.

கைகரின் பெயரோடு நிறுத்திவிட்டால் இது ‘வெளியூர் டாக்டர் வந்து காப்பாற்றிய கதை’யாகிவிடும். மையம் திறப்பதற்கு முன்பே ஜான் ஹேட்ச் என்ற கறுப்பின அமைப்பாளர் வீடு வீடாக, தேவாலயம் தேவாலயமாகப் போய் மக்களிடம் கேட்டார். மக்கள் முதலில் சொன்னது நோயைப் பற்றி அல்ல. வேலை இல்லை, சாப்பாடு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, கூரை ஒழுகுகிறது என்றார்கள். ஊருக்கு ஊர் சுகாதாரச் சங்கங்கள் அமைந்தன. அவற்றின் பிரதிநிதிகளைக் கொண்டு வடக்கு பொலிவர் கவுண்டி சுகாதாரக் குழு உருவானது. மவுண்ட் பையூவின் வசதி படைத்த கறுப்பினத்தவரிலும் சிலர் இதை ஐயத்தோடு பார்த்தார்கள். ஒடுக்கப்பட்டவருக்குள்ளும் அடுக்கு உண்டு என்பதை நாமும் அறிவோம்.

ஊட்டமில்லாமல் வாடிய குழந்தைகள் வந்தபோது மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் பால், காய்கறி, இறைச்சி என்று எழுதினார்கள். கறுப்பினத்தவர் நடத்திய மளிகைக் கடைகள் சீட்டைப் பார்த்துப் பொருளைக் கொடுத்தன. பணம் மையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து போனது. மருந்துக்கான பணத்தில் உணவா என்று வாஷிங்டன் அதிகாரிகள் கேட்டார்கள். ஊட்டமின்மைக்கு மருத்துவ நூல் சொல்லும் மருந்தே உணவுதானே என்று கைகர் திருப்பிக் கேட்டார். பொறியாளர் ஆண்ட்ரூ ஜேம்ஸின் தலைமையில் கிணறுகள் தோண்டினார்கள், கழிப்பறைகள் கட்டினார்கள், ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தார்கள்.

மக்கள் அதோடு நிற்கவில்லை. பருத்தி விளைவிக்கத் தெரிந்த நமக்குக் காய்கறி விளைவிக்கத் தெரியாதா என்று 1968இல் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்து டன் கணக்கில் காய்கறியும் கிழங்கும் எடுத்தன. பண்ணையை வழிநடத்திய எல்.சி. டார்சி வாரக்குடியில் பிறந்த பெண். பின்னாளில் அந்தச் சுகாதார மையத்துக்கே இயக்குநரானார். இரவு வகுப்புகளில் படித்த கூலிகளின் பிள்ளைகளிலிருந்து செவிலியர்களும் மருத்துவர்களும் வந்தார்கள்.

பண்ணை நிலைக்கவில்லை. மையம் இன்றும் இயங்குகிறது. அதன் வழியில் அமெரிக்கா முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகச் சுகாதார மையங்கள் உருவாயின. அவற்றின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்பது இன்று சட்டம்.

1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் இயக்கத்துக்கான பெயரை அமெரிக்கக் கறுப்பினப் போராளிகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பெயரை எடுத்த நாம் இந்தச் சட்டத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குழந்தைகள் நோயுற்ற பிறகுதான், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. அந்த நோய்க்கு மாத்திரை மட்டும் போதாது என்பதை மவுண்ட் பையூவின் மருத்துவர்கள் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையம் சேரிக்கு எட்டும் தூரத்தில் வேண்டும் என்று கேட்கிறோம். அதோடு, அதை நிர்வகிக்கும் குழுவில் சேரி மக்கள், குறிப்பாகப் பெண்கள், பெயருக்கு அல்லாமல் முடிவெடுக்கும் எண்ணிக்கையில் உட்கார வேண்டும் என்றும் கேட்போம். தண்ணீரும் கூலியும் வீடும் சுகாதாரத் துறையின் வேலை இல்லை என்று யாராவது சொன்னால், பொலிவர் கவுண்டியின் மருந்துச் சீட்டை அவர்களுக்கு நினைவூட்டுவோம்.