இலங்கை: மனித உரிமைத் தடைகள்

மனித உரிமை மீறியவர்கள் மீது பிற நாட்டரசுகள் விதிக்கும் பயணத் தடையும் சொத்து முடக்கமும். இவை நீதிமன்றத் தண்டனைக்கு ஈடாகா. ஆனாலும் மிருசுவில் வழக்கில் அந்தத் தண்டனையும் நிலைக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவிலில், 2000 டிசம்பரில், விட்டுவந்த வீடுகளைப் பார்க்கப்போன தமிழர் எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். ஒருவர் ஐந்து வயதுக் குழந்தை. இக்கொலைகளுக்காக 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவ வீரர் சுனில் ரத்நாயக்கவை, 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மன்னித்து விடுவித்தார். அந்த மன்னிப்பு பெரும் அநீதி. ரத்நாயக்க அமெரிக்காவுக்குள் நுழைய 2021இல் அந்நாடு தடைவிதித்தது. 2023 ஜனவரியில் கனடா, மன்னித்தவரையும் மன்னிக்கப்பட்டவரையும் ஒரே தடைப்பட்டியலில் சேர்த்தது. முன்னாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவும் அதில் உண்டு. 2025 மார்ச்சில் பிரிட்டன், முன்னாள் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா, முன்னாள் புலிகள் தளபதி கருணா உள்ளிட்ட நால்வர் மீது தடைவிதித்தது.