குழாய் நீர் கலங்கி வந்தால் மீன் தொட்டிக்கு என்ன செய்வது?

தண்ணீர் வெட்டு முடிந்து குழாயைத் திறந்ததும் பால் நிறத்திலோ மண் நிறத்திலோ நீர் வருவது ஜொகூரில் பலரும் கண்டதுதான். மழைக்காலத்தில் ஜொகூர் ஆறு சேறாக ஓடும். 2025 ஏப்ரலில் கோத்தா திங்கியில் மணல் கழுவும் இடமொன்றின் குட்டைக் கரை உடைந்தபோது, வெள்ளம் இல்லாமலேயே ஆறு கலங்கியது. குடிக்கும் நீரை வடிகட்டிக் கொதிக்க வைக்கலாம். மீன் தொட்டிக்கு அந்த வழி ஒத்துவராது.

முதலில் அது என்ன கலங்கல் என்று பார்க்க வேண்டும். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஒரு கண்ணாடிக் குவளையில் நீரைப் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேலாகச் சீக்கிரமே தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. அதையும் உடனே தொட்டியில் ஊற்றக்கூடாது. அளவுக்கு மீறிக் கரைந்த காற்று மீனின் கண்ணிலும் துடுப்பிலும் குமிழியாகத் தங்கிவிடும். அடியில் வண்டல் படிந்தால் மண். மஞ்சள் அல்லது பழுப்பு நிறமானால் பெரும்பாலும் பழைய குழாயின் துரு.

உண்மையில் மீனைக் கொல்வது பெரும்பாலும் இந்தக் கலங்கல் அல்ல, கண்ணுக்குத் தெரியாத குளோரின்தான். மலேசியக் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கலாம். மனிதருக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கோ 0.1 மில்லிகிராம்கூட ஆபத்தாகலாம். குழாய் நீர் தெளிந்துவிட்டது என்று நிம்மதியாக ஊற்றிய மறுநாள் மீன்கள் மிதப்பது இதனால்தான்.

ஆகவே நீரை ஒரு பெரிய வாளியில் பிடித்து, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். வண்டல் படிந்ததும் மேல்நீரை மட்டும் சிறு குழாயால் உறிஞ்சி வேறொரு வாளிக்கு மாற்றி, வடிகட்டிப் பஞ்சு வழியாக விடலாம். பிறகு காற்று மோட்டாரைப் போட்டு, மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் புட்டியில் எழுதியுள்ள அளவில் கலக்க வேண்டும். வேலைக்காகச் சிங்கப்பூர் போய்வருவோர் அங்கே கேட்ட ஒன்றையும் நினைவில் வைக்கலாம்: அங்குள்ள குழாய் நீரில் குளோராமைன் உண்டு. அது ஓர் இரவு வைத்தால் போகாது. எது கலந்திருக்கிறது என்று தெரியாத இடத்தில் இரண்டையும் நீக்கும் மருந்தே நல்லது.

நீரைத் தெளியவைக்கப் படிகாரம் போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. மீனுக்கு அது வேண்டாம். படிகாரம் நீரை அமிலமாக்கும். அதிலுள்ள அலுமினியம் செவுளைத் தாக்கும்.

இன்னும் எளிய வழி, அந்த வாரம் நீரை மாற்றாமலே விடுவது. தீனியைப் பாதியாகக் குறைத்தால் தொட்டி சில நாள் தாங்கும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் பத்தில் ஒரு பங்கு போதும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் அதில் வாழும் நல்ல பாக்டீரியா செத்து, தொட்டியில் அம்மோனியா ஏறும். அதைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். ஊற்றிய நீர் தெளிவாக இருந்தும் இரண்டு நாள் கழித்துத் தொட்டி வெண்மையாகக் கலங்கினால், குழாயைக் குறை சொல்லிப் பயனில்லை. அது பாக்டீரியாப் பெருக்கம், தானே அடங்கும். பதறிப்போய் முழு நீரையும் மாற்றுகிறவர்கள்தான் மீனை இழக்கிறார்கள்.

ஆற்றில் அம்மோனியா கலந்ததாகச் செய்தி வந்தால் கதை வேறு. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா கூடியதால் சுத்திகரிப்பு ஆலைகள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. வண்டலைப்போல அம்மோனியா படியாது. சாதாரண குளோரின் நீக்கி அதை அகற்றாது. அப்படிப்பட்ட நாளில் முன்பே பிடித்துவைத்த நீர்தான் கைகொடுக்கும். மீன் வளர்க்கும் வீட்டில் மூடிய வாளியில் தயார் செய்த நீர் எப்போதும் இருப்பது நல்லது.

ஓடை நீரையோ கிணற்று நீரையோ பயன்படுத்தும் தோட்டங்களில் குளோரின் தொல்லை இல்லை. ஆனால் மழைக்குப் பின் செம்பனைக்குப் போட்ட உரமும் களைக்கொல்லியும் ஓடையில் இறங்கும். நீர் தெளிவாக இருந்தாலும் இரண்டு மூன்று நாள் எடுக்க வேண்டாம். கரிமண் நிலத்திலிருந்து வரும் தேநீர் நிற நீரைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டியதில்லை. இலை தழைகளின் சாயம் அது. சண்டை மீனுக்கு அதுதான் சொந்த ஊர்த் தண்ணீர்.