சேம அச்சு: உப்பு வண்டியிலிருந்து சோற்று வண்டி வரை

"வண்டி வாங்கிடலாம்ணா. சோறும் ஆக்கிடுவேன். அம்பேத்கர் படத்த உள்ள மாட்றதா வெளிய மாட்றதா, அத மட்டும் நீ சொல்லு."

இப்படிக் கேட்டவள் என் சித்தி மகள். மரக்காணத்து உப்பளத்தில் கூடை தூக்கித் தூக்கிக் கழுத்து இறங்கிப் போனவள். தை, மாசியில் பாத்தி மிதிக்க இறங்கினால் ஐப்பசி மழை கொட்டும்வரை வேலை. அப்புறம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். இந்த மழைக்கால வயிற்றுக்கு வழி தேடித்தான் அவளும் அவள் வீட்டுக்காரரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பழைய 'சின்ன யானை' ஒன்றை வாங்கி, பின்பக்கம் தகரம் அடித்து, அடுப்பு ஏற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோற்றுக்கடை போடுவது. பட்டணத்தில் இதற்கு ஃபுட் டிரக் என்று பேர். எங்கள் பக்கம் வண்டிக்கடை.

மனு எழுதித் தரத்தான் என்னைக் கூப்பிட்டாள். தமிழ் எம்.ஏ. படித்தவன் வேறு எதற்கு ஆவான்? மனுவை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். படத்தை எங்கே மாட்டுவது என்கிற கேள்விக்குத்தான் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதில் எழுதியதே இது.

சக்கரத்தின் மேல் பிழைப்பு நடத்துவது இந்தக் கரைக்குப் புதுசு இல்லை. சங்க இலக்கியத்தில் வரும் உமணர்கள் உப்பு வண்டிகளை வரிசையாகப் பூட்டிக்கொண்டு, குடும்பத்தோடு கிளம்பி, உள்நாட்டு ஊர்களில் நெல்லுக்கு உப்பு மாற்றினார்கள். தெருவில் கூவி விற்ற உமணப் பெண்களை அகநானூறு காட்டுகிறது. போகிற வழியில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, ஆக்கித் தின்று, இளைப்பாறி, அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். பின்னால் வந்த ஆநிரை கவரும் வில்லாளிகள் அதே அடுப்பில் இறைச்சி சமைத்ததையும் அகநானூறு பேசுகிறது. யார் ஆக்கிய அடுப்பு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். நல்லியக்கோடனைப் பார்க்க நடந்து போகிற பாணர்களுக்கு வழியில் எங்கெங்கே என்ன கிடைக்கும் என்று அந்தப் பாட்டு வரிசையாகச் சொல்கிறது. எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டுப் பெண் வடித்த கள்ளும் சுட்ட குழல்மீனும். வேலூரில் எயினப் பெண்கள் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் கறிச் சூடும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். ஒரே சாலையில் மீன், மாட்டினத்துக் கறி, நண்டு. சங்ககாலம் பொற்காலம் என்று மேடை போட்டுப் பேச நான் வரவில்லை. அந்தச் சாப்பாட்டுப் பட்டியலில் எதையும் ஒளித்துவைக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு சார்பில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இதைப் பாகுபாடு என்று சொல்லிக் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். பாணனுக்குக் கிடைத்தது நமக்கு மறுக்கப்பட்டது.

எங்க ஆயாவும் ஒரு நடமாடும் கடைதான். சக்கரம் இல்லை, தலை இருந்தது. வேலை முடிந்த பின்னால் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் கூடையில் வைத்து அளத்து வரப்பிலேயே விற்றாள். வாங்கிக் குடித்தவர்கள் எல்லாரும் நம்மாளுங்க. பக்கத்துப் பாத்தியில் அதே வெயிலில், அதே கூலிக்கு நின்ற ஊர்க்காரர் பசியில் சுருண்டாலும் கை நீட்ட மாட்டார். ஆயா சொல்லும்: "நான் வார்ன உப்பு அவுங்க ஊட்டு அடுப்புக்குப் போவுது. நான் காய்ச்சுன கூழு வரப்பத் தாண்ட மாட்டேங்குது."

சாதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. உப்பு பச்சைப்பொருள். எத்தனை கை பட்டாலும் தீட்டு ஒட்டாது, ஏனென்றால் அது இல்லாமல் அவர்களால் சாப்பிட முடியாது. அந்த உப்பைப் போட்டு அதே கை குழம்பு வைத்தால் மட்டும் தீட்டு வந்துவிடும். நம்முடைய உழைப்பு வேண்டும். நம்முடைய கைப்பக்குவம் வேண்டாம். உழைப்புக்குக் கூலி போதும். கைப்பக்குவம் என்றால் விலை கேட்பான், முதலாளி ஆவான். வம்பு அங்கேதான்.

உப்பின் கதையும் அப்படித்தான் போகிறது. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனிக்காரன் தன் ஏகபோகம் ஆக்கிக்கொண்டான். பக்கிங்காம் கால்வாய் வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து இங்கே மரக்காணம்வரை வந்தது. அதில் சென்னைக்குள் வரும் ஒரு துண்டை வெட்டியவர்கள் 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வந்த கூலிகள். 1930-இல் வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் உப்பு எடுத்தார்கள். 1947-இல் உப்பு வரி போனது. உப்புக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. மாட்டு வண்டி போய்த் தோணி வந்தது, தோணி போய் லாரி வந்தது. ஏற்றிய தலை மட்டும் மாறவில்லை.

சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடையிலும் ஓட்டலிலும் நம்மைத் தடுக்கக் கூடாது என்கிறது. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்குத் தண்டனை வைத்தது. ஆனால் தோழர்களே, கவனித்துப் பாருங்கள். நாம் அடுத்தவன் கடைக்குப் போவதைப் பற்றித்தான் சட்டம் அதிகம் யோசித்திருக்கிறது. இரட்டைக் குவளையை உடைக்க நாம் நடத்திய போராட்டங்களும் அவன் கடையின் டம்ளருக்காகத்தான். நம் கடைக்கு அடுத்தவன் வருவது? கூட்டம் சேர்ந்து பொருளாதாரப் புறக்கணிப்பு செய்தால் குற்றம் என்று 2015-இல் வன்கொடுமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒவ்வொருத்தனும் தனித்தனியே மூஞ்சைத் திருப்பிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தால் எந்தப் போலீசும் பிடிக்காது.

இது பழங்கதை இல்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் மறித்தார்கள். 2023-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த கையோடு, கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் அதே கதை. கலெக்டரும் அமைச்சரும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. இலவசமாகப் போடுகிற சோற்றுக்கே இந்த நிலை என்றால் காசுக்கு விற்கிற சோற்றுக்கு?

இங்கே போர்டு பற்றி ஒரு வார்த்தை. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். நாள்தோறும் ஆட்கள் போய்க் கைதானார்கள். அந்தச் சொல் போனது. ஆனால் இன்றும் அய்யர் மெஸ், முதலியார் இட்லிக்கடை, ரெட்டியார் ஓட்டல் என்று போர்டு தொங்குகிறது, கூட்டம் அம்முகிறது. சாதிப் பெயர் ஒருத்தனுக்கு விளம்பரம். அதே சாதிப் பெயர் தெரிந்தால் இன்னொருத்தனுக்கு அடுப்பு அணைந்துவிடும். என் தங்கை கேட்ட கேள்வி இங்கேதான் நிற்கிறது. வெளியே படம் மாட்டினால் உள்ளூர்க்காரன் வர மாட்டான். உள்ளே மாட்டினால் அவள் ஒளிந்துகொண்டதாக ஆகும்.

இதே கேள்வி நூறு வருசத்துக்கு முன்னால் கோலாப்பூரில் வந்திருக்கிறது. கங்காராம் காம்ப்ளே என்கிற மகர் சாதி இளைஞர் அரண்மனைக் குதிரைலாயத்தில் வேலை பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காக மேல்சாதி வேலைக்காரர்கள் அவரை அடித்தார்கள். ஷாஹு மகாராஜாவிடம் முறையிட்டபோது, சொந்தமாகத் தொழில் செய் என்று பணம் கொடுத்தார் அவர். கங்காராம் 'சத்யசுதாரக்' என்று டீக்கடை வைத்தார். ஒரு பயல் வரவில்லை. அடுத்து ஷாஹு செய்ததுதான் முக்கியம். ஊருக்குள் வண்டியில் வரும்போதெல்லாம் அந்தக் கடை முன்னால் நிறுத்தி, எல்லாரும் பார்க்க டீ வாங்கிக் குடித்தார். கூட வந்த மேல்சாதிக்காரர்களையும் குடிக்க வைத்தார். முதல் கொடுத்ததோடு அவர் வேலை முடியவில்லை. கடைக்கு வாடிக்கையாளராகவும் ஆனார்.

அமெரிக்காவில் மாண்ட்காமரி நகரத்தில் 1955 டிசம்பரில் கறுப்பின மக்கள் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். ஒரு வருசத்துக்கு மேல் நடந்தது. ஜார்ஜியா கில்மோர் என்கிற சமையல்காரப் பெண், தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துச் சோறும் பலகாரமும் ஆக்கி விற்று, அந்தக் காசைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். மக்களை ஏற்றிப்போன வண்டிகள் அதில் ஓடின. அந்தக் குழுவுக்கு அவர் வைத்த பெயர் 'எங்கிருந்தோ வந்த சங்கம்'. காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தோ வந்தது. வெள்ளையர் வீட்டில் வேலை பார்த்த பெண்களின் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று அந்த மறைப்பு. அவர் மட்டும் வெளியே வந்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். வேலை போனது. வீட்டிலேயே சமையல் தொடங்கச் சொல்லி மார்ட்டின் லூதர் கிங் பாத்திரம் பண்டத்துக்கு உதவினார், அங்கேயே வந்து சாப்பிடவும் செய்தார். பெயரை மறைப்பது எப்போதும் வெட்கத்தால் வருவதில்லை, ஆயுதமாகவும் இருக்கும் என்று இந்தக் கதையில்தான் எனக்கு உறைத்தது.

சரி, சாலைக்கு வருவோம். "ஈசிஆர்ல போற கார்க்காரனுக்கு நம்ம தெரு தெரியாதுண்ணா. பசி மட்டுந்தான் தெரியும்" என்கிறாள் தங்கை. வண்டிக்கடையின் பலம் அதுதான். நிலையான கடைக்கு ஊருக்குள் இடம் வேண்டும். இடத்துக்கு வாடகைக்காரனின் சாதி தெரிய வேண்டும். சக்கரம் வைத்தால் இந்தக் கேள்வியைத் தாண்டி ஓடிவிடலாம். ஆனால் சாலை எல்லா நாளும் சாதி தெரியாத சாலையாக இருப்பதில்லை. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் நடந்த சித்திரை முழுநிலவு விழாவுக்கு வண்டி வண்டியாக ஆட்கள் போனதும் இதே சாலைதான். அன்று மரக்காணத்தில் மூண்ட வன்முறையில் கட்டையன் தெருவில் நம்முடைய வீடுகள் எரிந்தன. விழாவுக்குப் போனவர்களில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். நெருப்பு வைக்க வந்தவனுக்குத் தெரு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆகவே சக்கரம் மட்டும் போதாது. புறநானூற்றில் ஔவையார் ஒரு உப்பு வண்டியைக் காட்டுகிறார். மாடு இளசு, பாரம் கனம், வழி மேடும் பள்ளமும். எங்கே அச்சு முறியும் என்று தெரியாது. அதனால் வண்டிக்கு அடியில் உமணர்கள் இன்னொரு அச்சைக் கட்டிவைப்பார்கள். அதற்குச் சேம அச்சு என்று பேர். பொகுட்டெழினி என்கிற தலைவனை அந்த அச்சு போன்றவன் என்று பாடுகிறார். வியாபாரத்தில் மற்ற சாதிக்காரன் அச்சு முறிந்தால் மாமன் இருக்கிறான், சங்கம் இருக்கிறது, சாதிக்கார வட்டிக்கடை இருக்கிறது. நம்மாளுக்கு ஒரு மாசம் மழை பிடித்தால் வண்டியே போய்விடும்.

அரசு ஒரு அச்சு தரத்தான் செய்கிறது. தாட்கோ 1974-இல் வந்தது. 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மானியம், மிச்சம் வங்கிக் கடன். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டம் விற்பனைக் குழுவில் 40 சதவீத இடத்தை வியாபாரிகளுக்கே கொடுத்து, அதில் பட்டியல் சாதியினருக்கும் இடம் வேண்டும் என்கிறது. எல்லாம் காகிதத்தில் சரி. நாங்கள் போன வங்கியில் மேனேஜர் மனுவைப் படித்தார். முகவரியைப் படித்தார். "சமையல் நீங்களேவா? ஆள் வச்சுப் பண்ணலாமே" என்றார். அவர் சொன்னதன் அர்த்தம் அவளுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. "எங் கைதான் சார் முதல்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மனு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த வாரம் மறுபடியும் போகிறோம், இந்த முறை பத்துப் பேராக.

படம் விஷயத்தில் நான் வெளியேதான் மாட்டச் சொன்னேன். அவள் சிரித்தாள். "நீ மாட்டச் சொல்லிட்டுப் போயிக்கினே இருப்ப. தவண கட்றது யாரு?" எனக்கு வாயடைத்துப் போனது. பிறகு அவளே சொன்னாள். படம் அடுப்புக்கு மேலே, உள்ளே. ஆனால் ஜன்னலுக்கு நேராக. தட்டு வாங்கக் கை நீட்டுகிறவன் நிமிர்ந்தால் தெரியும். போர்டில் ஆயாவின் பேர். கருவாட்டுக் குழம்பு, எறாத் தொக்கு, கூழ், ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறி வறுவல். "வாசனைக்கு வந்து நிக்கட்டும். அப்பறமா நிமிந்து பாக்கட்டும். பாத்துட்டும் துன்னா அவன் நம்ம கஸ்டமரு."

ஷாஹுவைப் போல வண்டியை நிறுத்த இன்று ராஜா யாரும் இல்லை. இந்த இதழைப் படிக்கிற நாம் சில ஆயிரம் பேர் இருக்கிறோம். கூட்டத்துக்கும் கருத்தரங்குக்கும் இந்தச் சாலையில் போய்வருகிறோம். வழியில் எங்கெங்கோ இறங்கி யார் யார் கடையிலோ சாப்பிடுகிறோம். நம்மாளு கடை எங்கே என்று ஒரு நாளாவது தேடினோமா? சேம அச்சு நாமாகத்தான் இருக்க வேண்டும். மரக்காணம் பக்கம் வந்தால் இறங்குங்கள், சாப்பிடுங்கள், ஊரறியச் சாப்பிடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். தோழர் என்று சொல்லிக் கடன் வைக்காதீர்கள்.