“எத்தினை புள்ளி?” – ஒரு கேள்வியின் வரலாறு

எமது கல்லூரிப் பிரதான மண்டபத்துச் சுவரில் தொங்கும் பலகையை உங்களில் எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். பல்கலைக்கழகம் புகுந்தோரின் பெயர்கள் ஆண்டுவாரியாகப் பொன்னிற எழுத்தில் இருக்கும். காலைப் பிரார்த்தனையில் கண்ணை மூடச் சொன்னாலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றவள் நான். சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, அந்தப் பலகையின் பின்னாலுள்ள கதையை எழுதலாமென்று தோன்றியது. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் என்னிடம் கொண்டுவரப்படும் பத்து வயதுப் பிள்ளைகள் பலருக்கு வயிற்றுக்குத்து, தலையிடி, காலையில் சத்தி. சோதித்துப் பார்த்தால் ஒன்றும் இராது. “ரியூசனுக்குப் போகேக்கதான் வருகுது டொக்டர்” என்று தாய்மாரே சொல்லுவார்கள்.

பரீட்சை நமக்குப் பெருமையாக வந்து சேர்ந்த ஆண்டு 1857. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஒருவர் ஆசிரியர், மற்றவர் அவருடைய மாணவர். ஆறில்லாத, கிணற்றையும் பனையையும் நம்பியிருந்த குடாநாட்டில், காணி பங்குபோடப் போடச் சிறுத்துக்கொண்டே வந்தது. படித்த மகனோ கொழும்புக் கந்தோருக்கும் மலாயாப் புகையிரதப் பகுதிக்கும் போய்க் காசோலை அனுப்பினான். “கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்” என்ற பழமொழி அந்தக் கணக்கில் பிறந்ததுதான்.

பெண்களின் கதை சற்று வேறு. 1824 இல் உடுவிலில் மிஷனரிமார் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியபோது பிள்ளை பிடிக்கவே சிரமப்பட்டார்கள். படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணம் செய்த பெண்ணுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. (படிப்பும் சீதனமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அன்று முதலா என்று நினைத்துச் சிரித்ததுண்டு.) கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது 1892 இல்.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. கெட்டிக்கார ஏழைப் பிள்ளையை உதவிப்பணத்துடன் நல்ல பாடசாலைக்கு அனுப்புவதே புலமைப்பரிசிலின் நோக்கம். இன்று வசதியான வீட்டுப் பிள்ளையும், ஏற்கெனவே நல்ல பாடசாலையில் இருக்கும் பிள்ளையும் அதற்காக மூன்றாம் வகுப்பிலிருந்தே ரியூசனுக்கு ஓடுகிறார்கள். உதவித் திட்டம் ஊர் முழுவதற்குமான ஓட்டப்பந்தயமாகிவிட்டது.

ஆனால் நம் வீடுகளில் பயம் குடிபுகுந்தது 1970களில் என்பதே என் எண்ணம். அதற்கு முந்திய ஆண்டுகளில் மருத்துவ, பொறியியல் பீடங்களில் தமிழ் மாணவர் அண்ணளவாக அரைவாசி. 1971 அனுமதியில் மருத்துவத்துக்கு 400 இல் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. 1973 இல் தரப்படுத்தல், 1974 இல் மாவட்டக் கோட்டா. பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளும் கோட்டாவால் பயனடைந்தார்கள், அதை நாம் பெரிதாகப் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கோ ஒன்றே மனதில் தங்கியது: மற்றவனை விட இருபது புள்ளி கூட எடுத்தால்தான் பிழைப்பு. அன்று அது உண்மை. ஒரு புள்ளி ஒரு வாழ்க்கையாக இருந்தது.

பிறகு போர். 1990 இலிருந்து மின்சாரமில்லை. மண்ணெண்ணெய் விலை ஏற ஏற, ஜாம் போத்தலில் திரி போட்டுத் துளித்துளியாக எரித்துப் படித்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அம்மா அரிசிப் பையைத் தூக்கினா, நான் சாதாரண தரக் குறிப்புக் கொப்பிகளைத் தூக்கினேன். தென்மராட்சியில் கொட்டிலில் வகுப்பு நடந்தது. வீடும் காணியும் போனாலும் படிப்பை ஒருவரும் பறிக்கமாட்டார்களென்று பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தச் சொல் எங்களை உயிருடன் வைத்திருந்தது என்பதை இன்றும் மறுக்கமாட்டேன்.

இப்படி வந்து சேர்ந்த பயத்தைத்தான் இன்று, வீடும் விளக்கும் உள்ள பிள்ளையின் தலையில் அப்படியே ஏற்றுகிறோம். அவளுக்கு 1971 தெரியாது. தெரிந்ததெல்லாம், இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, வெட்டுப்புள்ளி, அம்மாவின் முகம்.

மற்றவரைச் சொல்லுவானேன். உயர்தரத்தில் முதல் தரம் எனக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. பெறுபேறு பார்த்துவிட்டு வந்து படலையில் சைக்கிளைச் சாத்திக்கொண்டு நின்றேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. “முதல்ல சாப்பிடு பிள்ளை, சோறு ஆறுது” என்றா. இரவுதான் புள்ளியைப் பற்றிப் பேசினோம். ‘செக்கன்ட் ஷை’ எடுக்க எனக்குத் துணிவு வந்தது அந்தச் சோற்றினால்தான். அப்படியிருந்தும், என் மகள் புலமைப்பரிசில் எழுதிப் பெறுபேறு வந்த அன்று வைத்தியசாலையிலிருந்து தொலைபேசி எடுத்த நான் கேட்ட முதற் கேள்வி, “எத்தினை?” அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு இலக்கத்தைச் சொன்னாள். வெட்டுப்புள்ளிக்கு நாலு குறைவு. அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரும், 1987 இல் தொடங்கிய சாந்திகமும் ‘பதகளிப்பு’ என்ற சொல்லை நமக்குப் பழக்கப்படுத்தினார்கள். குண்டுச் சத்தத்துக்கு மட்டுமல்ல, வினாத்தாளுக்கும் அது பொருந்தும். நித்திரை குலைதல், சாப்பாடு மறுத்தல், முன்பு விரும்பிய விளையாட்டை விடுதல், “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” போன்ற பேச்சு: இவற்றைச் சோம்பலென்றோ நடிப்பென்றோ தள்ளிவிட வேண்டாம். கடைசியாகச் சொன்ன பேச்சு வந்தால் பரீட்சை முடியட்டும் என்று காத்திராமல் அன்றே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

எமது சங்கத்திடமும் ஒரு விண்ணப்பம். பரிசளிப்பு விழாவுக்கு நாங்கள் அனுப்பும் தங்கப் பதக்கங்கள் எல்லாம் 9 ஏ, 3 ஏ பெற்றோருக்கே. ரொறன்ரோவிலும் லண்டனிலும் கொழும்பிலுமுள்ள தோழிகளே, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியருக்கு ஓர் அமைதியான அறை அமைக்கக் கொடுப்போம். பலகையில் பெயர் வராத பழைய மாணவிகளை, தாதியை, தையற்கடை நடத்துபவரை, தோட்டம் செய்பவரை, ஆண்டுக்கொரு முறை உயர்தர மாணவிகளுடன் பேச அழைப்போம். முதற் கூட்டத்துக்கு என் முதல் தரப் பெறுபேற்றுத் தாளைக் கொண்டுவருவதாக அதிபரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா அதைப் பழைய பிஸ்கற் பெட்டிக்குள் இன்னும் வைத்திருக்கிறா.