இணையக் காணொளித் தரவிறக்கம்

இணையத்தில் ஓடி வந்து திரையில் தோன்றி மறையும்படி அமைக்கப்பட்ட காணொளிகளை, இணைப்பு இல்லாத நேரத்திலும் பார்க்கத்தக்க முழுக் கோப்புகளாகக் கணினியில் சேமித்துக்கொள்வது இணையக் காணொளித் தரவிறக்கம் எனப்படும். ஸ்ட்ரீமிங் என்று வழங்கும் ஓடைமுறையில், கோப்பு முழுவதும் வந்து சேரும்வரை காத்திராமல், வந்த பகுதியை இயக்கிக்கொண்டே அடுத்த பகுதி பெறப்படுகிறது. ஓடி முடிந்த பகுதி நினைவகத்திலிருந்து நீக்கப்படுகிறது. ஆயினும் திரையில் தெரியும் ஒவ்வொரு படமும் முதலில் பார்ப்பவரின் கணினிக்குள் வந்தே தீர வேண்டும் என்பதால், பார்ப்பதற்கும் சேமிப்பதற்கும் உள்ள வேறுபாடு அடிப்படையில் மிகச் சிறியது: வந்த தரவை நீக்கிவிடுவதா, வைத்துக்கொள்வதா என்பதே அது. அந்தச் சிறு வேறுபாட்டைக் கடக்க முடியாத சுவராக உயர்த்துவதற்கு நிறுவனங்கள் கையாண்ட வழிகளும், சுவரில் வாசல் வைத்த நிரலாளர்களின் உழைப்பும் சேர்ந்ததே இத்துறையின் வரலாறு.

ஒளிபரப்பைப் பதிந்து வைத்துப் பிறகு பார்ப்பது குற்றமா என்ற கேள்வி இணையத்துக்கு முன்பே எழுந்தது. சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் பதிவுக் கருவிக்கு எதிராக யுனிவர்சல் திரைப்பட நிறுவனம் தொடுத்த வழக்கில், தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து வசதியான வேளையில் பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில், ஐவருக்கு நால்வர் என்ற நூலிழைப் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள் கழித்து ராப் கிளேசர் நிறுவிய புரோகிரசிவ் நெட்வொர்க்ஸ் 1995-இல் ரியல் ஆடியோவையும் 1997-இல் ரியல் வீடியோவையும் வெளியிட்டபோது, அதே கேள்வி கணினிக்குள் புகுந்தது. பின்னாளில் ரியல் நெட்வொர்க்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்ட அந்நிறுவனத்தின் வழங்கிகள், தம்மோடு பேசுவது ரியல் பிளேயர்தானா என்று இரகசியக் குறியீட்டுப் பரிமாற்றத்தால் சோதித்த பின்னரே தரவை அனுப்பின. நகலெடுக்கலாமா கூடாதா என்று குறிக்கும் ஓர் அடையாளமும் ஒவ்வொரு கோப்பிலும் இருந்தது. ஸ்ட்ரீம்பாக்ஸ் வி.சி.ஆர். என்னும் மென்பொருள் தன்னை ரியல் பிளேயராகக் காட்டிக்கொண்டு, அந்த அடையாளத்தைப் பொருட்படுத்தாமல் ஓடையைக் கோப்பாக்கியது. பீட்டாமேக்ஸ் தீர்ப்பின் நிழலில் ஒதுங்கும் எண்ணம் அதன் பெயரிலேயே தெரிகிறது; ஆனால் 1998-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் மில்லினியம் காப்புரிமைச் சட்டம் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியிருந்ததால், 2000 ஜனவரியில் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றம் அம்மென்பொருளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே நிறுவனத்தின் கோப்பு வடிவ மாற்றியை மட்டும் நீதிமன்றம் தடுக்கவில்லை. பொருளை வைத்துக்கொள்வதை விடுத்துப் பூட்டைத் திறப்பதையே குற்றத்தின் மையமாக்கிய இத்தீர்ப்பின் தாக்கம் பின்வந்த வழக்குகள் பலவற்றிலும் காணப்படுகிறது.

2005 ஏப்ரலில் முதல் காணொளியை ஏற்ற யூடியூப் தளம், தனி நெறிமுறையும் இரகசியப் பரிமாற்றமும் இன்றி, சாதாரண இணையப் பக்கத்தை அனுப்புவதுபோலவே ஃப்ளாஷ் வடிவக் கோப்பை அனுப்பியது. 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட அந்தச் சிறிய படம் உலாவியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முழுக் கோப்பும் கணினியின் தற்காலிகக் கோப்புறையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. லினக்ஸ் கணினியில் டெம்ப் கோப்புறையைத் திறந்தால் ஃப்ளாஷ் என்று தொடங்கிப் பொருளற்ற சில எழுத்துகளில் முடியும் கோப்பு ஒன்று நிமிடத்துக்கு நிமிடம் வளர்வதைக் கண்ணாலேயே காண முடிந்தது. காணொளி எவ்வளவு வந்தது என்று காட்டும் சிவப்புக் கோடு முழுவதும் நிரம்பிய பிறகு, உலாவியை மூடுவதற்கு முன் அதனை வேறிடத்துக்கு நகலெடுத்துப் பெயரின் இறுதியில் எஃப்எல்வி என்று சேர்த்துவிட்டால், வி.எல்.சி. இயக்கியில் அது ஓடியது. உலாவியை முந்தி மூடிவிட்டால் கோப்பும் போய்விட்டது. இந்தக் கைவேலையைத் தாமாகச் செய்து தருவதற்காகவே ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் துணைநிரல்களும், காணொளி முகவரியை ஒட்டினால் கோப்பைத் தரும் தளங்களும், இந்தியாவில் பெரிதும் புழங்கிய இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜர் போன்ற மென்பொருள்களும் பெருகின.

இவற்றுள் நிலைத்து நின்றது 2006-இல் ஸ்பெயின் நாட்டு நிரலாளர் ரிக்கார்டோ கார்சியா எழுதிய யூடியூப்-டிஎல் ஆகும். தொலைபேசி வழி மோடம் இணைப்பைப் பயன்படுத்தி வந்த அவருக்கு, ஓடும் காணொளியை ஓடும்போதே பார்ப்பது இயலாத காரியம். ஐந்து மெகாபைட் கோப்பு 56 கிலோபிட் வேகத்தில் வந்து சேரவே ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்ற கணக்கைப் பார்த்தால், மெதுவான இணைப்பு உள்ளவருக்குத் தரவிறக்கம் என்பது திருட்டு வழியன்று, பார்ப்பதற்கு இருந்த ஒரே வழி என்பது விளங்கும். பைத்தான் மொழியில் எழுதப்பட்டு, கட்டளை வரியில் இயங்கி, உரிமை எதுவும் கோராமல் பொதுவுடைமையாக விடப்பட்ட அந்நிரல், பின்னர் தன்னார்வலர் பலர் கைக்கு மாறி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களைக் கையாளும் அளவுக்கு வளர்ந்தது. யூடியூப் தன் முகவரிகளில் எழுத்துகளை இடம் மாற்றிக் குழப்பிய கையொப்பம் ஒன்றைச் சேர்க்கத் தொடங்கியபோது, அதனை நேராக்கும் சிறு நிரல் பக்கத்தோடு உலாவிக்கு அனுப்பப்பட்டே ஆக வேண்டியிருந்தது. யூடியூப்-டிஎல் அந்தச் சிறு நிரலை எடுத்து, பைத்தானிலேயே எழுதப்பட்ட குட்டி ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியில் ஓட்டி விடையைப் பெற்றது. இத்துறையில் இதைவிட நேர்த்தியான தீர்வு அரிது.

இதற்கிடையில் காணொளி அனுப்பும் முறையே மாறியது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ் முறையிலும், 2012-இல் பன்னாட்டுத் தரமாக வெளியான டாஷ் முறையிலும், காணொளி ஒரே கோப்பாக இல்லாமல் சில நொடி நீளத் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தெளிவுகளில் வைக்கப்படுகிறது. இணைப்பின் வேகத்துக்கேற்ப உலாவி துண்டுக்குத் துண்டு தெளிவை மாற்றிக்கொள்கிறது. எச்எல்எஸ் முறையின் பட்டியல் கோப்பை ஒரு சாதாரண உரைத் தொகுப்பியில் திறந்தால், ஒரு வரியில் துண்டின் நீளம், அடுத்த வரியில் அதன் முகவரி என்று மாறி மாறி வருவதைக் காணலாம். பத்து நொடித் துண்டுகளாயின் இரண்டு மணி நேரப் படத்துக்கு 720 துண்டுகள். தற்காலிகக் கோப்புறையைப் பார்த்து நகலெடுத்த காலம் இத்துடன் முடிந்தது. உயர் தெளிவுக் காணொளிகளில் படத்தையும் ஒலியையும் யூடியூப் தனித்தனியே அனுப்பவும் தொடங்கியதால், தரவிறக்கியவர் கையில் ஊமைப் படம் ஒன்றும் படமற்ற ஒலி ஒன்றும் எஞ்சின. ஃபேப்ரிஸ் பெல்லார் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருள், தரம் குறையாமல் இவ்விரண்டையும் கோத்துத் தருவதால், இன்றைய தரவிறக்க நிரல்கள் பெரும்பாலும் அதனைத் துணைகொண்டே இயங்குகின்றன.

2020 அக்டோபர் 23 அன்று அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம், யூடியூப்-டிஎல் மேற்சொன்ன கையொப்பப் பாதுகாப்பை உடைக்கிறது என்றும், அதன் சோதனைப் பகுதியிலேயே உரிமையுள்ள பாடல்கள் குறிக்கப்பட்டுள்ளன என்றும் கூறி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து அதனை நீக்கச் செய்தது. நிரலாளர்கள் தங்கள் பக்கங்களில் அதன் படிகளை உடனே பரப்பினர். இணைய உரிமைகளுக்காகப் போராடும் மின்னணு எல்லைப்புற அறக்கட்டளையின் வழக்கறிஞர்கள், எந்த உலாவியும் செய்வதையே இந்நிரலும் செய்கிறது, எல்லோருக்கும் வழங்கப்படும் திறவுகோலைப் பயன்படுத்துவது பூட்டு உடைப்பாகாது என்று வாதிட்டனர். சோதனையில் சில நொடிகளே எடுக்கப்பட்டன என்பதையும் விளக்கினர். நவம்பர் 16 அன்று கிட்ஹப் நிரலை மீட்டளித்ததுடன், இத்தகைய கோரிக்கைகளை எதிர்கொள்ளும் நிரலாளர்களுக்கு உதவ 10 லட்சம் டாலர் நிதியையும் அறிவித்தது. ஆயினும் ஜெர்மனியில் ஹாம்பர்க் நீதிமன்றம் எதிர்த்திசையில் நின்றது: யூடியூப்-டிஎல்லின் இணையப் பக்கத்தைத் தாங்கிய ஊபர்ஸ்பேஸ் நிறுவனத்துக்கு எதிராக 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. யூடியூப்-டிஎல்லின் மேம்பாடு மந்தமானதால் 2021-இல் கிளைத்த ஒய்டி-டிஎல்பி, யூடியூப் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கும் உத்திகளையும் எதிர்கொண்டு முதன்மை இடத்தைப் பிடித்தது. குட்டி இயக்கி இனிப் போதாது என்ற நிலையில், 2025 முதல் யூடியூப் காணொளிகளை முழுமையாகப் பெற அது தனி ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியின் துணையை நாடுகிறது.

கட்டணத் திரைப்படத் தளங்களின் நிலை வேறு. அவை துண்டுகளை மறைகுறியாக்கி அனுப்புகின்றன. திறவுகோல், கூகுள் 2010-இல் வாங்கிய வைட்வைன் போன்ற மூடிய கூறு ஒன்றின் உள்ளேயே இருப்பதால், துண்டுகளைச் சேமித்தாலும் அவை ஓடா. இக்கூறுகளை உலாவியுடன் இணைக்கும் தரத்தை, வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017 செப்டம்பரில் ஏற்றதை எதிர்த்து மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை அவ்வமைப்பிலிருந்தே விலகியது. இணைப்பின்றிப் பார்க்கும் தேவையை நிறுவனங்களும் பின்னர் ஒப்புக்கொண்டன: யூடியூப் 2014 டிசம்பரில் இந்தியக் கைப்பேசிகளில், 48 மணி நேரம் மட்டும் வைத்துப் பார்க்கும் வசதியைத் தந்தது, நெட்ஃபிளிக்ஸ் 2016 நவம்பரில் பின்தொடர்ந்தது. எனினும் இவ்வாறு சேமிக்கப்படுபவை பார்ப்பவரின் கோப்புகள் ஆவதில்லை. செயலிக்கு வெளியே திறப்பதில்லை, கெடு முடிந்தால் மறைகின்றன. இதனைச் சேமிப்பு என்பதைவிட இரவல் என்பதே பொருந்தும்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டை 52-ஆம் பிரிவில் நியாயமான பயன்பாடாக ஏற்கிறது. 2012 திருத்தத்தால் சேர்ந்த 65-அ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பாதுகாப்பை உடைப்பவரையே தண்டிக்கிறது. நோக்கத்தைப் பார்க்கும் இந்த அணுகுமுறை அமெரிக்கச் சட்டத்தினும் நியாயமானது. ஆனால் தளங்களின் பயன்பாட்டு விதிகள் வேறு. அனுமதியற்ற தரவிறக்கத்தை யூடியூப் விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன.

தனிப்பட்ட வசதிக்காகத் தோன்றிய இக்கருவிகள் ஆவணக் காப்பகங்களுக்கும் அடிப்படையாயின. 2011-இல் கூகுள் வீடியோ தளத்தில் இருந்த காணொளிகள் நீக்கப்படும் என அறிவிக்கப்பட்டபோது, ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வக் குழுவினர் பலர் கணினிகளைப் பங்கிட்டு அவற்றை இறக்கத் தொடங்கினர். அதனினும் கனமானது சிரியப் போரின் சாட்சியம். குண்டுவீச்சுகளையும் அவற்றின் பாதிப்புகளையும் பொதுமக்கள் கைப்பேசியில் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினர். 2014-இல் தொடங்கிய சிரிய ஆவணக் காப்பகம் அவற்றை இறக்கி, ஏற்றிய நாள், தலைப்பு, விவரக்குறிப்பு ஆகியவற்றோடு சேர்த்துப் பாதுகாத்தது. தீவிரவாதக் காட்சிகளைத் தானே கண்டறியும் நிரலை யூடியூப் 2017-இல் செயல்படுத்தியபோது, போர்க்குற்றத்தைப் பதிந்த காணொளிகளும் பெருமளவில் நீக்கப்பட்டன. சிலவற்றைக் காப்பகம் முறையிட்டு மீட்டது. மீளாதவற்றுள் முன்கூட்டியே இறக்கப்பட்டவை, ஏற்றியவரின் குறிப்புகளுடன் அதன் வட்டுகளில் எஞ்சியுள்ளன.