ஒரு மொழியின் இரு வருகைகள்

ஒரு மொழி அயல்நாட்டினுள் புகுவதற்கு வாயில்கள் பல. வணிகரோடு புகுவதுண்டு, சமயத்தோடு புகுவதுண்டு, படையோடு புகுவதுண்டு, கல்விக்கூடத்தின் வழியாகப் புகுவதும் உண்டு. ஜப்பானிய மொழி இந்நாட்டில் நாற்பது ஆண்டு இடைவெளியில் இருமுறை அடியெடுத்து வைத்தது. முதன்முறை படையோடு வந்தது. மறுமுறை பல்கலைக்கழகத்தின் வழியாக வந்தது. இவ்விரு வருகைகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் மொழி கற்பிப்போர்க்குப் பயன் தரும்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, ஐந்து வாரங்களுக்குள் கோலாலம்பூரைக் கைப்பற்றியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்து, சியோனான் எனப் பெயர் பெற்றது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்குத் திருப்பப்பட்டன. பள்ளிகளில் நிப்பொங்கோ புகுத்தப்பட்டது. ஆசிரியர்களே அதனை அவசரமாகக் கற்று, கற்ற சிறிதளவையும் மாணவர்க்கு ஓத வேண்டியவராயினர்.

சிரம்பானுக்கும் தம்பினுக்கும் இடையே அமைந்த ரெம்பாவ், ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரம். அதனூடே செல்லும் இருப்புப்பாதை வடக்கே சயாம் வரை தொடர்வது. நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மேற்குக்கரைத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வளைத்துப் பிடித்தும் திரட்டப்பட்ட தமிழர் பல்லாயிரவர், சரக்கு வண்டிகளில் வடக்கே கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இருப்புப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அதற்காக மாண்ட தமிழர் பலருக்குக் கல்லறையும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. தோட்டத்து மக்களின் செவியில் ஜப்பானிய மொழி கட்டளையாகவும் வசையாகவுமே விழுந்தது. 1945இல் ஆட்சி அகன்றதும் அம்மொழியும் பள்ளிகளை விட்டு அகன்றது.

இரண்டாம் வருகை வேறு வகையினது. 1982இல் பிரதமர் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை வகுத்தார். அவ்வாண்டிலேயே மலாயாப் பல்கலைக்கழகத்தில் 'அம்பாங் அசுஹான் ஜெப்பூன்' என்னும் மையம் தோன்றியது. அம்பாங் என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாயிற்படி என்பது பொருள். ஐந்தாம் படிவம் முடித்து அங்குச் சேரும் மாணவர் ஈராண்டு பயில்கின்றனர். ஜப்பானிய மொழியோடு கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றையும் கற்கின்றனர். ஜப்பானிலிருந்து ஆசிரியர்கள் வருகின்றனர். தேர்வில் வென்றோர் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். முதல் அணி 1984இல் புறப்பட்டது. வாள்முனையில் வேரூன்றாத மொழி, நூலும் ஆசிரியரும் உதவிப்பணமும் துணைநிற்க வேரூன்றியது.

தமிழ் மாணவர்க்கு அம்மொழியில் ஓர் எளிமையும் உண்டு. இரு மொழிகளிலும் பயனிலை தொடரின் இறுதியில் நிற்கும். வேற்றுமை உருபு பெயரின் பின் ஒட்டும். பேராசிரியர் சுசுமு ஓனோ இவ்விரு மொழிகளுக்கும் உறவுண்டு என நெடுங்காலம் வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு மெய்ப்பிக்கப்படாவிடினும், தொடரமைப்பில் காணும் ஒற்றுமை கற்பவர்க்குக் கைகொடுக்கும்.

இம்மையத்தின் வரலாறு, அதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு துறையை நினைவூட்டுகிறது. 1956இல் இந்திய இயல் துறை தொடங்கப்பெற்றபோது, அங்கு முதன்மை தமிழுக்கா வடமொழிக்கா என்னும் வினா எழுந்தது. கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டினார். பாட்டாளித் தமிழரும் தம்மால் இயன்றதை ஈந்தனர். தமிழ் தன் இடத்தைப் பெற்றது. தனிநாயகம் அடிகளார் 1961இல் அத்துறைக்கு வந்தார்; 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது.

ஜப்பானிய மையத்திற்கு இரு அரசுகள் துணை. தமிழ்த் துறையை எழுப்பியதோ மக்களின் வேட்கை. எனினும் பின்னது முன்னதனிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. அம்மையத்தில் சேரும் மாணவன், தான் ஏறும் படியின் மறுபுறம் எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதை முதல் நாளே அறிவான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற மாணவனுக்கு அத்தகைய தெளிவு பெரும்பாலும் கிட்டுவதில்லை. இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்புக்குப் போதிய மாணவர் சேராவிடின் சங்கிலி அங்கேயே அறுபடும். தமிழும் தமிழ் இலக்கியமும் தேர்வுப் பாடங்களாக எடுக்கப்படாவிடின், பல்கலைக்கழகத்து இருக்கைகள் காலியாகும்.

ஆகவே ரெம்பாவ் போன்ற தோட்டப்புறத்து ஆசிரியர் தம் பணியைச் சிறிதெனக் கருதலாகாது. ஆறாம் ஆண்டு மாணவனிடம் அடுத்த படி எதுவெனச் சொல்லி அவனை அதில் ஏற்றிவிடுதல் அவர் கடமை. பல்கலைக்கழகத்தின் தமிழ் வாயில் அவ்வகுப்பறையிலேயே தொடங்குகிறது.