மனித வளர்ச்சிச் சுட்டெண்

மனித வளர்ச்சிச் சுட்டெண் என்பது ஒரு நாட்டு மக்களின் ஆயுள், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கணக்கிற்கொண்டு, அந்நாட்டின் வளர்ச்சி நிலையை 0 முதல் 1 வரையான ஓர் எண்ணாகக் காட்டும் அளவீடு ஆகும். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் தனது மனித வளர்ச்சி அறிக்கையில் இதனை வெளியிட்டு வருகின்றது.

தோற்றம்

நாடுகளின் வளர்ச்சி நெடுங்காலம் பெரும்பாலும் தலா வருமானத்தைக் கொண்டே ஒப்பிடப்பட்டது. அவ்வருமானம் மருத்துவமாகவும் கல்வியாகவும் மக்களைச் சென்றடைந்ததா என்பதை அது காட்டுவதில்லை. 1979இல் மொரிஸ் டேவிட் மொரிஸ் எழுத்தறிவு, சிசு மரண வீதம், ஒரு வயதில் எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஆகியவற்றைக் கொண்டு பௌதிக வாழ்க்கைத் தரச் சுட்டெண்ணை முன்வைத்தார். வருமானம் குறைந்த இலங்கை, இதில் எண்ணெய் வளம் மிக்க சில நாடுகளைவிட உயர்ந்த இடத்தைப் பெற்றது.

பாக்கிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக்கின் முயற்சியால் 1990இல் மனித வளர்ச்சிச் சுட்டெண் முதன்முதலாக வெளியானது. அமார்த்தியா சென்னின் கருத்துகள் இதற்கு அடிப்படையாக அமைந்தன. எனினும் மனித வாழ்வை ஒரே எண்ணில் அடக்குவதில் சென்னுக்குத் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. தலா வருமானத்தைப் போன்றே எளிமையான இன்னோர் எண்ணால்தான் அதன் இடத்தைப் பிடிக்க முடியும் என்பது ஹக்கின் வாதமாகும்.

கணிக்கும் முறை

ஒவ்வொரு கூறும் கீழெல்லை, மேலெல்லை ஆகியவற்றுக்கு இடையில் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது பின்னமாகக் கணிக்கப்படும்.

* ஆயுள்: பிறப்பில் எதிர்பார்க்கப்படும் ஆயுள் (20 முதல் 85 ஆண்டுகள்).
* கல்வி: 25 வயதுக்கு மேற்பட்டோர் கற்ற ஆண்டுகளின் சராசரி (0 முதல் 15), ஒரு குழந்தை கற்கும் என எதிர்பார்க்கப்படும் ஆண்டுகள் (0 முதல் 18). இவ்விரு பின்னங்களின் சராசரி கல்விச் சுட்டெண் ஆகும்.
* வாழ்க்கைத் தரம்: வாங்குதிறன் சமநிலைப்படி தலா தேசிய வருமானம் (100 முதல் 75,000 டொலர்). இதற்கு மடக்கை பயன்படுத்தப்படுகிறது. எனவே ஏழை நாட்டில் கூடும் நூறு டொலர், செல்வ நாட்டில் கூடும் நூறு டொலரைவிட அதிக மதிப்புப் பெறும்.

2010 முதல் இம்மூன்றின் பெருக்குச் சராசரியே சுட்டெண்ணாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு முன் கூட்டுச் சராசரி பயன்பட்டது. பெருக்குச் சராசரியில் ஒரு துறையின் பின்னடைவை மற்றொரு துறையின் உயர்வால் முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

எடுத்துக்காட்டு

2023ஆம் ஆண்டுக்கான தரவுகளின்படி இந்தியாவில் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 72 ஆண்டுகள். ஆகவே ஆயுள் சுட்டெண் (72-20)/(85-20) = 0.80. கல்விச் சுட்டெண் ஏறத்தாழ 0.59, வருமானச் சுட்டெண் 0.68. இம்மூன்றின் பெருக்கற்பலனுடைய கனமூலம் 0.685 ஆகும். இது 193 நாடுகளில் 130ஆவது இடம், நடுத்தர வளர்ச்சிப் பிரிவைச் (0.550 - 0.699) சேர்ந்தது. மூன்றில் கல்வியே மிகத் தாழ்ந்திருப்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

குறைபாடுகள்

இச்சுட்டெண் நாடு முழுவதற்குமான சராசரி என்பதால் மக்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு இதில் மறைந்துவிடுகின்றது. இதனை நிவர்த்தி செய்ய 2010இல் ஏற்றத்தாழ்வு சீராக்கிய மனித வளர்ச்சிச் சுட்டெண் அறிமுகமானது. அதன்படி 2023இல் இந்தியாவின் மதிப்பு 0.685இலிருந்து 0.475 ஆகக் குறைகின்றது. பாலின வேறுபாட்டை அளக்கத் தனிச் சுட்டெண்கள் உள்ளன. அரசியல் உரிமைகளும் சூழல் மாசும் மனித வளர்ச்சிச் சுட்டெண்ணில் சேர்க்கப்படவில்லை.

இவற்றையும் பார்க்க

* தலா வருமானம்
* கினி குணகம்
* பல்பரிமாண வறுமைச் சுட்டெண்